நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்

திங்கட்கிழமை, பிற்பகல்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நான் நலம். உங்கள் நலத்தை நீங்கள் போனில் சொல்கிறபடி நம்பிக்கொண்டிருக்கிறேன். "நல்லா சாப்பிடறேன், நல்லா தூங்கறேன், ஒரு குறையும் இல்ல" என்று மூன்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுகிறீர்கள். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் பாதி சொல்வதற்குள் "சரி சரி, உன் இஷ்டம்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது.

நீங்கள் அனுப்பிய உறை வந்து சேர்ந்தது. விருப்ப ஓய்வுப் படிவத்தில் என் பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த நாள் எல்லாவற்றையும் நீங்களே நிரப்பி, கையெழுத்து போடவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறியும் போட்டிருக்கிறீர்கள். கப்பல் எஞ்சினுக்குச் சோதனைச் சீட்டு எழுதிப் பழகிய கை, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. கூடவே வைத்திருந்த துண்டுச் சீட்டையும் படித்தேன். "அம்பத்திரண்டு வயசுல உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி, விட்டுட்டு இங்க வந்துடு." இரண்டு முறை படித்தேன், கோபம் வந்தது. பதினோரு வருடமாகத் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற மனுஷன் பெண்டாட்டியைக் கூப்பிடுவதில் தப்பே இல்லை. இருந்தாலும் வந்தது.

தலைமை நூலகத்தின் உத்தரவைப் போனில் அரைகுறையாகச் சொன்னேன், இப்போது முழுதாகச் சொல்கிறேன். இனி ஒவ்வொரு கிளை நூலகமும் தனக்கென்று ஒரு வலைப்பக்கம் நடத்த வேண்டும். புத்தக அறிமுகம், படங்கள், வாசகர் கேள்விகளுக்குப் பதில், முன்பதிவு எல்லாம் அதில் நடக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து ஆய்வு அதிகாரி நேரில் வருவார். அவர் முன்னால் செய்து காட்டுகிறவர்கள் வேலையில் இருக்கலாம். முடியாதவர்கள் மரியாதையாக ஓய்வு வாங்கிக்கொள்ளலாம். 'மரியாதையாக' என்பது மட்டும் நான் சேர்த்தது.

பயிற்சி என்று யாரும் வரவில்லை. எங்கள் பொறுப்பாளர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். புதன்கிழமைதோறும் காலையில் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திவிட்டு, நாங்களே ஆளுக்கு ஒன்றை நோண்டிப் பார்க்க வேண்டும். வெளியாள் யாரையும் கூப்பிடக் கூடாது. ஒருத்தர் மவுஸை இன்னொருத்தர் பிடுங்கக் கூடாது. "உடைஞ்சா உடையட்டும், பதில் சொல்ல நான் இருக்கேன்" என்றார். அவருக்கே மின்னஞ்சலில் படம் இணைக்கத் தெரியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருக்கிற இடத்தில் எனக்கு என்ன வேலை? ஓர் அறை, ஒரு ஜன்னல். நீங்கள் பன்னிரண்டு மணி நேரம் பட்டறையில் இருப்பீர்கள். நான் ஜன்னல் கம்பிகளுக்கு வரிசை எண் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஓய்வெடுக்கிற அளவுக்கு நான் இன்னும் களைக்கவில்லை. உங்கள் ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கிறது. அதற்குள் என் பாடு என்ன ஆகிறதென்று பார்த்துவிடுகிறேன்.

எங்கள் வலைப்பக்கத்தின் முகவரியை இதன் அடியில் எழுதியிருக்கிறேன். பொழுது போகாதபோது திறந்து பார்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
பட்டியல்காரி

*

வியாழக்கிழமை, மதிய உணவு இடைவேளை

அன்புள்ள எஞ்சின் டாக்டருக்கு,

ஏழு வாரமாக ஒரு வரி எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏழு வாரமும் சண்டையும் சிரிப்புமாக ஓடிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை போனில் உங்கள் குரல் கம்மியிருந்தது. கேட்டால் தூசி என்றீர்கள். சரி, தூசி என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் சிரிக்கிற விஷயம். புத்தகம் தைக்கிற பசைக்காரரை உங்களுக்குத் தெரியும், அவர் வருவதற்கு முன் அவர் கைப்பசை வாசனை வரும். கிழிந்த பக்கத்தை ஒட்டுவது எப்படி என்று அவர் வீடியோ எடுத்தார். போனை மேசையில் மல்லாக்க வைத்துவிட்டு, குனிந்து குனிந்து பதினோரு நிமிடம் விளக்கினார். வந்தது முழுக்க எங்கள் கூரை விசிறி. அப்படியே வலைப்பக்கத்தில் ஏற்றியும்விட்டார். மறுநாள் ஒரு வாசகர், விசிறிக்கு எண்ணெய் போடச் சொல்லி எழுதியிருந்தார். பசைக்காரர் ஏணி போட்டு ஏறி எண்ணெய் போட்டார், பிறகு வீடியோவையும் மறுபடி எடுத்தார். இப்போது நாலு ஊரிலிருந்து அவரிடம் சந்தேகம் கேட்கிறார்கள்.

இனி என் கதை. சிரித்தால் கொன்றுவிடுவேன்.

வலைப்பக்கத்தில் ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதினால், அதன் அடியில் குறிச்சொல் போட வேண்டும். வாசகர் அந்தச் சொல்லைத் தேடினால் புத்தகம் கிடைக்கும். அவ்வளவுதான் ஏற்பாடு. நான் முப்பது வருடம் பட்டியல் பிரிவில் இருந்தவள் இல்லையா? நாற்பது புத்தகங்களுக்கும் வகுப்பெண் போட்டுவிட்டேன். சமையல் புத்தகத்துக்கு 641.5, வாழ்க்கை வரலாற்றுக்கு 920, தசமப் புள்ளிகூடப் பிசகவில்லை. மூன்று வாரம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. குழம்பு வைக்கத் தெரியாதவர் எவராவது 641.5 என்று தேடுவாரா என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முத்திரை அக்காவுக்குத் தோன்றியது. புத்தகம் கொடுக்கிற மேசையில் இருபத்தைந்து வருடமாகத் தேதி முத்திரையை டொம்மென்று குத்துகிறாளே, அவள்தான். நான் விடுப்பில் இருந்த அன்று என் எண்களுக்குப் பக்கத்தில் அவள் தன் சொற்களைப் போட்டுவிட்டாள். 'மாமியாருக்குப் பிடிக்கும்.' 'அழ வைக்கும், ஆனால் நல்ல முடிவு.' 'பரீட்சைக்கு முந்தின வாரம்.' ஆறுகளைப் பற்றி ஒரு தடிப் புத்தகம் இருக்கிறதல்லவா, அதற்கு 'தூக்கம் வராதபோது.' கேட்டால், "நாலு பக்கம் படிச்சா கண்ணு சொக்கிடும், நானே பரிசோதனை பண்ணிட்டேன்" என்கிறாள்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. இது நூலகமா, தின்பண்டக் கடையா என்று கத்தினேன். "மேசைக்கு முன்னாடி வந்து நிக்கிறவங்க இப்படித்தான் கேக்கறாங்க, நீ உள்ள உக்காந்திருக்க, உனக்கெப்படித் தெரியும்?" என்று அவளும் விடவில்லை. அன்று மாலையே அவள் போட்டது அத்தனையையும் ஒன்று விடாமல் அழித்தேன். அழித்துவிட்டு வீட்டுக்கு வந்து திருப்தியாகச் சாப்பிட்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் வலைப்பக்கத்தின் கோரிக்கைப் பெட்டியில் ஒரு செய்தி வந்திருந்தது. "தூக்கம் வராதபோது என்று நேற்று ஒரு புத்தகம் இருந்தது. இன்று காணோம். அது எனக்கு வேண்டும்." பெயர் இல்லை. மூன்றே வரிதான், அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒருவர் எங்கேயோ விழித்துக்கொண்டு கிடக்கிறார். மேசை முன்னால் வந்து நின்று எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எவரால் சொல்ல முடியும்? இங்கே சொல்ல முடிந்திருக்கிறது. அதைத்தான் நான் துடைத்துப் போட்டிருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அழித்ததைத் திரும்பக் கொண்டுவர வழி தெரியவில்லை. முத்திரை அக்காவுக்கும் என்னென்ன எழுதினோம் என்று பாதிதான் நினைவிருந்தது. இரண்டு நாள் விடாப்பிடியாக ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்தேன். ஒருமுறை பக்கம் முழுவதும் பச்சையாகிவிட்டது, ஒருமுறை எழுத்தெல்லாம் வலப்பக்கம் ஓடிவிட்டது. கடைசியில் மூலையில் 'முந்தைய பதிப்புகள்' என்று பொடி எழுத்தில் ஒன்று. அமுக்கினால், நாங்கள் செய்த ஒவ்வொரு மாற்றமும் தேதி வாரியாக அங்கே இருக்கிறது! நாம் அழித்ததை அது அழிக்கவில்லை. நாற்பது புத்தகத்தின் சொற்களையும் மீட்டுப் போட்டுவிட்டு முத்திரை அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் என் புறங்கையில் தேதி முத்திரையை ஒரு குத்துக் குத்தி, "திருப்பிக் கொடுத்தாச்சு" என்றாள்.

அந்த வாசகருக்குப் புத்தகம் திரும்ப வந்துவிட்டது என்று பக்கத்திலேயே எழுதினேன். முன்பதிவு போட இன்னும் தெரியவில்லை, அது அடுத்த புதன்கிழமைப் பாடம். கோரிக்கை அப்படியே காத்திருக்கிறது. ஆய்வு அதிகாரி வர எட்டு நாள்தான் இருக்கிறது. பயமாக இருக்கிறது, ஆனால் விடுவதாக இல்லை.

உங்கள் அக்கா நேற்று வந்து, "புருஷன் கூப்பிடறப்ப போகாம அப்படி என்ன லைப்ரரி?" என்று கேட்டுவிட்டுப் போனார். வலைப்பக்கத்தைத் திறந்து காட்டினேன். 'மாமியாருக்குப் பிடிக்கும்' புத்தகத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

உங்கள்
பட்டியல்காரி

*

சனிக்கிழமை, காலை

அன்புள்ள உங்களுக்கு,

ஆய்வு நேற்று நடந்தது. உடனே போன் செய்யாததற்குக் காரணம் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

அதிகாரி ஓர் அம்மா, என்னைவிடப் பத்து வயது சிறியவர். பசைக்காரரின் வீடியோவையும் முத்திரை அக்காவின் பதில்களையும் பார்த்தார். பிறகு என்னிடம், "ஒரு கோரிக்கை வந்தா என்ன செய்வீங்க, முதல்லேருந்து முடிவு வரைக்கும் செஞ்சு காட்டுங்க" என்றார். பெட்டியில் காத்திருந்தது அந்தத் தூக்கம் வராதவருடையதுதான். அதைத் திறந்தேன். செய்தியின் ஓரத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கிறது. அதை அமுக்கினால் அட்டை எண் விரியும் என்று புதன்கிழமைதான் ஒரு பொய்க் கோரிக்கை போட்டுக் கண்டுபிடித்திருந்தேன். அமுக்கினேன்.

இப்போதைய அட்டைகளுக்கு ஒன்பது இலக்கம். அங்கே இருந்தது நான்கு இலக்கம். 2716.

என் கை நின்றுவிட்டது. அந்த எண்ணைப் பேரேட்டில் எழுதியது நான். வேலையில் சேர்ந்த முதல் வருடம், கிரீஸ் கறையோடு கையை நீட்டி அந்த அட்டையை வாங்கிக்கொண்டவர் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குச் செயல்முறை மறந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். பொறுப்பாளர் முகம் வெளுத்துவிட்டது. "தெரியலன்னா பரவாயில்லம்மா" என்று அதிகாரி மெதுவாகச் சொன்னார். முத்திரை அக்கா மவுஸைப் பிடிக்கக் கை நீட்டினாள். அவள் கையைத் தட்டிவிட்டேன். "எனக்குத் தெரியும், நானே செய்யறேன்" என்றேன். குரல் கொஞ்சம் சத்தமாகத்தான் வந்தது.

பழைய எண் செல்லாது என்று கணினி சொன்னது. பழையதைப் புதியதாக மாற்றுகிற இடத்துக்குப் போனேன், மாற்றினேன், புத்தகத்தை எடுத்து அந்தப் பெயரில் பதிந்தேன், தேதி போட்டேன், அனுப்பினேன். கண் மறைத்தது, கை மறக்கவில்லை. அதிகாரி குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். போகும்போது, மற்ற கிளைகளுக்குப் போய் நான் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். சொல்லிக்கொடுக்க மாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவர்களே உடைத்துப் பார்க்கட்டும் என்றேன்.

ஒரு வாசகர் எந்தப் புத்தகத்தைத் தேடினார் என்பதை வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது. அது எங்கள் விதி, முத்திரை அக்காவிடம்கூட நான் சொல்லவில்லை. வாசகரிடம் சொல்லலாம். அதனால் உங்களிடம் சொல்கிறேன். எத்தனை நாளாகத் தூங்கவில்லை? ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னிடம் சொல்ல முடியாததை ஒரு பெட்டியிடம் சொல்லியிருக்கிறீர்களே. எனக்குக் கோபம்கூட வரவில்லை. நானும்தான் பதினோரு வருடமாக நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் படிவத்தை இனி யாரிடமும் கொடுக்க முடியாது. அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. கற்றுக்கொண்டதையெல்லாம் புதன்கிழமை தோறும் அதில்தான் குறித்துவைத்தேன், இப்போது ஓர் எழுத்து எழுத இடமில்லை. முன்பக்கத்தில் உங்கள் பென்சில் குறி அப்படியே இருக்கிறது, அதை அழிக்கவில்லை.

நான் கையெழுத்து போடவில்லை. உங்கள் பட்டறையில் இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டித்துக் கையெழுத்து கேட்கிறார்கள் என்று உங்கள் அக்கா சொன்னார். நீங்களும் போடாதீர்கள். பேருந்துப் பணிமனையில் எஞ்சின் தெரிந்த ஆள் தேடுகிறார்கள், விசாரித்துவிட்டேன். சம்பளம் குறைவுதான், வீடு நடக்கிற தூரம்.

முன்பதிவு செய்த புத்தகம் முப்பது நாள் நிற்கும். அதற்குள் வராவிட்டால் தானாகவே அடுத்தவருக்குப் போய்விடும். பொறுப்பில் இருப்பவர் விரும்பினால் மூன்று முறை நீட்டிக்கலாம், அதற்கு மேல் முடியாது. எப்படி நீட்டிப்பது என்று கற்றுக்கொண்டேன். கூட்டிப் பார்த்தால் சரியாக நான்கு மாதம் வருகிறது. உங்கள் ஒப்பந்தத்தில் மிச்சம் இருப்பதும் அதுதான்.

உங்களுக்கு இந்நேரம் ஒரு செய்தி வந்திருக்கும். அதன் கடைசி வரி கணினி தானாகப் போடுவது, எல்லா வாசகர்களுக்கும் போடுவது. இந்த ஒரு முறை மட்டும் அதை அழித்துவிட்டு, அதே வரியை என் கையால் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறேன். நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்.

அதுவரை, இன்றைக்காவது நீங்கள் கண்ணயர வேண்டும்.

உங்கள்
பட்டியல்காரி