அத்திப்பள்ளியில் சொல்லாமல் வந்தது

செவ்வாய், இரவு.

எட்டு மாதமாக மனைவி சுமதியோடு சேர முடியவில்லை. ஆசை இருக்கிறது, உடம்பு கேட்பதில்லை. சர்க்கரையால் வரலாம், பிரஷர் மாத்திரையால் வரலாம், மனக்கவலையாலும் வரலாம் என்று போனில் படித்தேன். எனக்கு மூன்றும் இருக்கிறது. எதனால் என்று ஒரு டாக்டர் சொன்னால் போதும் என்றிருந்தது.

ஓசூரில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கம்பெனி ஆள் ஒருவனாவது உட்கார்ந்திருப்பான். அதனால் இன்று லீவு போட்டுவிட்டு, ஜூஜுவாடி எல்லை தாண்டி, கர்நாடகத்து அத்திப்பள்ளிக்குப் போனேன். டாக்டருக்குக் கன்னடம்தான் தெரியும். பஸ்ஸுக்கும் காய்கறி வாங்கவும் எனக்குக் கன்னடம் வரும். இதைச் சொல்ல வரவில்லை. நான் திணறுவதைப் பார்த்து, தமிழ் தெரிந்த நர்ஸைக் கூப்பிட்டார். என் மகள் வயதுதான் இருக்கும்.

"என்ன பண்ணுதுன்னு எங்கிட்டச் சொல்லுங்கப்பா, நான் சாருகிட்டச் சொல்றேன்."

"வயித்துல எரிச்சல்மா."

அவள் சொன்னாள், அவர் எழுதினார்.

"வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்குதான்னு கேக்குறாருப்பா."

இல்லை என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் சுமதி, "டாக்டர் என்னங்க சொன்னாரு?" என்று கேட்டாள். எதற்காகப் போனேன் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"சரியாப் போயிருமாம். மாத்திரை குடுத்திருக்காரு."

அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்தாள்.

"பத்து நாளைக்கு இருக்குதுங்க. விடாம சாப்பிடணும்."

ஒன்றைப் பிரித்து, தண்ணீரோடு அவளே கையில் கொடுத்தாள். வயிற்றெரிச்சல் மாத்திரையை அவள் பார்க்கவே விழுங்கினேன்.

இன்னும் ஒன்பது இருக்கிறது.