பானெட்டைத் திறக்காத மெக்கானிக்

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா? நான் நலம்.

சமையல் வேலைக்குப் போய்வர வைத்திருக்கும் பழைய கார் திங்கட்கிழமை கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் டக் டக் என்றது. வந்த மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்காமல், மோட்டார் போச்சு, ஒயரிங் போச்சு என்று பட்டியல் எழுதிவிட்டான். ஊருக்கு வர நான் சேர்த்த டிக்கெட் பணம் முழுசும் அதற்கே சரியாகப் போயிருக்கும்!

“திறந்து பாக்காம எப்படிப்பா தெரியும்?” என்றேன்.

“சத்தமே சொல்லுது பாட்டி. உங்களுக்கு இதெல்லாம் புரியாது.”

“பாட்டின்னு கூப்பிட எனக்குப் பேரன் இருக்கான். நீ கிளம்பு.”

புரியாதாம்! நீங்கள் லாரி ஓட்டிய முப்பது வருஷமும் ரிப்பேருக்கு டார்ச் பிடித்தவள் நான். ஒரு தடவை ஸ்பேனரைத் தொட்டதற்கு, “லைட்ட ஒழுங்கா புடி” என்று கத்தினீர்களே, அதுவும் நினைவிருக்கிறது. நானே பானெட்டைத் திறந்தேன். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. உங்களைப் போலவே மைனஸ் ஒயரை முதலில் கழற்றி, சோடா உப்பும் வெந்நீரும் விட்டுத் தேய்த்து, துடைத்து, மறுபடி முடுக்கினேன். விரலில் லேசாகத் தோல் உரிந்தது, அவ்வளவுதான். ஒரே திருப்பில் கார் கிளம்பியது. அவன் கடை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். பதினெட்டாம் தேதி காலை வருகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என்னைக் கூட்டிப்போக நீங்களே வாருங்கள். போன தடவை மாப்பிள்ளையை அனுப்பினீர்கள். நான் அவர் முதுகுக்குப் பின்னால் உங்களைத்தான் தேடினேன்.

முதலாளியம்மா கூப்பிடுகிறார், போகிறேன்.

உங்கள் மனைவி