மூன்று குப்பிப் புரதம்

இங்கிலாந்து
12 பிப்ரவரி 2023

அன்புள்ள லோகு,

நான் சுகம். நீயும் ஜெயகுமார் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? நாள் முழுக்க ஆங்கிலம்தான். ஆற அமரத் தமிழில் எழுத எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? வாட்சப்பில் நீ “ஓகே லா” என்று முடித்துவிடுகிறாய்.

உன் மூன்று குப்பிகளும் டிரை ஐஸ் பெட்டியில் பத்திரமாக வந்து சேர்ந்தன. ரப்பர் பாலிலிருந்து அந்தப் புரதத்தைப் பிரித்து, அதைப் படிகமாக்க எட்டு வருடமாக மல்லுக்கட்டுகிறாயே, உனக்கென்ன பைத்தியமாடி? இங்கே படிகமே தேவையில்லை. ஒரு சொட்டை மெல்லிய வலையில் வைத்து, பனித்துகள் உண்டாக நேரம் கொடுக்காமல் நொடியில் உறையவைத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்தால் போதும். லட்சக்கணக்கான மங்கல் படங்களைக் கணினி ஒன்றுசேர்த்து ஒரே உருவமாக்கிவிடும். முன்பெல்லாம் வெறும் உருண்டையாகத் தெரிந்தது, இப்போது அணு அணுவாகத் தெரிகிறது.

முதல் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். சாம்பிள் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்கிறேன். பயப்படாதே, இது உன்னுடையது.

உன் பிரேமா


சுங்கைப் பட்டாணி, மலேசியா
3 மார்ச் 2023

அன்புள்ள பிரேமா,

படத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். அந்தப் புள்ளிகள் அத்தனையும் என் புரதமா?

உதவித்தொகை போன வருடமே நின்றுவிட்டது. காலையில் எஸ்டேட்டுக்குப் போய் மரத்தடியிலேயே ஐஸ் பெட்டியில் பால் பிடித்து, மோட்டார் சைக்கிளில் ஆய்வகத்துக்கு ஓடுகிறேன். மாலையில் டியூஷன். அடுத்த வருடம் ஏப்ரலில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். இந்த உருவத்தை முதலில் சொன்னது நான் என்று இருந்தால்தான் டாக்டர் பட்டம் கிடைக்கும். அதுவரை உன் பேராசிரியரிடம்கூடக் காட்டாதே.

“சாமான அனுப்பிட்டு இங்க உக்காந்திருக்கியே புள்ள, உன் பேரு போடுவாங்களா லா?” என்று அண்ணன் கேட்டார். பிரேமா அப்படிப்பட்டவள் இல்லை என்று அவரோடு சண்டை போட்டேன்.

அன்புடன்,
லோகு


இங்கிலாந்து
20 நவம்பர் 2023

அன்புள்ள லோகு,

உன் நான்கு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கட்டுரை சென்ற வாரம் வெளிவந்துவிட்டது.

படத்தைப் பேராசிரியர் பார்த்துவிட்டார். வேறொரு நாட்டிலும் இதே வேலை நடக்கிறதாம். உன் ஏப்ரல் வரை காத்திருந்தால் யாருக்குமே இல்லாமல் போயிருக்கும். உன்னை ஆசிரியர் பட்டியலில் சேர்க்கச் சொன்னேன். “சாம்பிள் அனுப்புகிறவர்களை எல்லாம் சேர்க்க முடியுமா?” என்றார். என் ஒப்பந்தம் முடியவிருந்த நேரம், அதற்கு மேல் நான் பேசவில்லை. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் உன் பெயர் இருக்கிறது.

ஒன்று கேள். புரதத்தின் நடுவில் ஒரு பை, அதற்குள் ஒரு கொழுப்பு அமிலம் உட்கார்ந்திருக்கிறது. பன்னிரண்டு கார்பன், எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு! ரப்பர் உண்டாவதை மரமே அதை வைத்துத்தான் அடக்கி வைக்கிறது என்று எழுதியிருக்கிறோம். எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள். எனக்கு வேலையும் நிரந்தரமாகிவிட்டது. உனக்கு இங்கே உதவியாளர் வேலை கேட்டுப் பார்க்கட்டுமா?

உன் பிரேமா


சுங்கைப் பட்டாணி
8 ஜனவரி 2024

பிரேமலாவுக்கு,

“அதான் வெளிய வந்திருச்சே, இனிமே இதுல புதுசு என்னாம்மா இருக்கு? மாஸ்டர்ஸோட முடிச்சிக்க” என்றார் என் மேற்பார்வையாளர். எட்டு வருடம் ஒரே வாக்கியத்தில் முடிந்தது. அடுத்த மாதம் முதல் கூலிம் ஹைடெக் பூங்காவில் சிப் சோதிக்கும் வேலை, ஷிஃப்டில். உன் கீழே குப்பி கழுவ எனக்கு மனமில்லை.

அந்தப் பையில் இருப்பது மரத்தினுடையது இல்லை. நான் போட்டது.

புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வெளிநாட்டுச் சோப்பு வேண்டும். வாங்க வழியில்லை. அண்ணன் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையிலிருந்து ஒரு போத்தல் லோரேட் சோப்பு கொண்டுவந்தேன். பால் கட்டிப்போகாமல் இருக்க அங்கே அதைத்தான் ஊற்றுவார்கள். அதற்கும் அதே பன்னிரண்டு கார்பன்தான். அதைப் போட்ட பிறகுதான் என் புரதம் தனித்தனியாக நின்றது.

உனக்கு அனுப்பிய குறிப்பில் அதை எழுதவில்லை. இங்கிலாந்தில் சிரிப்பார்கள் என்று வெட்கப்பட்டேன். நீ பார்த்துச் சொல்கிறேன் என்றுதானே சொன்னாய்? அச்சிடப் போகிறோம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் வெட்கத்தை விட்டுச் சொல்லியிருப்பேன். உன் நுண்ணோக்கிக்கு அணு தெரிகிறது, அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அதற்கு என்னைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

முதலில் உன்னிடம் சொல்லி, நீயே திருத்திக்கொள்ள விடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். சிநேகிதி என்றால் அப்படித்தான் செய்வாள். எனக்கு மனம் வரவில்லை. இதனால் என் பட்டம் திரும்பி வராது என்றும் தெரியும்.

பத்திரிகை ஆசிரியருக்கு என் ஆய்வகக் குறிப்பேட்டின் பக்கங்களோடு எல்லாவற்றையும் இன்று காலை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். இதைச் சாதாரணத் தபாலில் போடுகிறேன். உன் கைக்கு வர மூன்று வாரம் ஆகும்.

லோகேஸ்வரி