முதலாளியம்மா கையால் வாங்கிய ஆல்பம்

விருதுநகர்
27.8.2007

அன்பு மகள் அனுப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. மும்பை மழையில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ஓவியாவும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இருக்கன்குடி மாரியம்மனை வேண்டிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம். ஆடிக் கடைசி வெள்ளிக்கு அம்மா இருக்கன்குடி போய்விட்டுக் கூட்டத்தில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தாள், மற்றதையும் அங்கேயே விட்டுவிட்டு வரத் தெரியாமல் கையில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். சாத்தூரில் இறங்கி உனக்குக் காராச்சேவு வாங்கி வைத்திருக்கிறாள், இந்த வாரம் பார்சலில் வரும். என் செல்போனுக்கு அடித்தால் வேறு யாரோ எடுக்கிறார்கள் என்று அவளிடம் கேட்டாயாம். அது கம்பெனி போன், திருப்பி வாங்கிக்கொண்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்குப் பேசினபோதே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. உன்னிடம் சொல்லாதே என்று அம்மாவையும் தடுத்து வைத்திருந்தேன். ஆனி மாதத்தோடு எனக்கு வேலை போய்விட்டது.

பெரிய முதலாளி இறந்த பிறகு பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டதும், பட்டாசு சின்னவருக்கும் காலண்டர் அச்சகம் பெரியவருக்கும் போனதும் உனக்குத் தெரியும். பெரியவர் சென்னைக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்ததிலிருந்து வருஷத்துக்கு ஒரு மாற்றம். ஆர்டர் பிடிக்கிற ஆள் என்றிருந்தவனுக்கு சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் என்று கார்டு அடித்துக் கொடுத்தார்கள். மாதம் ஒரு மீட்டிங், டார்கெட், அப்புறம் கம்ப்யூட்டரில் படம் காட்டி ஆர்டர் எடுக்கப் பயிற்சி. நானும் போய் உட்கார்ந்தேன், எனக்குப் பிடிபடவில்லை என்பதை மறைக்க முடியவில்லை. ஆனியில் சென்னை மேனேஜர் கூப்பிட்டு, காபி வரவழைத்து, சார் சார் என்று மரியாதையாகப் பேசித்தான் அனுப்பினார். என் லைனை, அதாவது கோவில்பட்டி, சங்கரன்கோவில், தென்காசி ஊர்களை, செல்வக்குமார் என்கிற பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். இதுவரைக்கும் நடந்ததில் என் தப்பு எதுவும் இல்லை. இனிமேல் எழுதப்போவதுதான் என் காரியம்.

ஆடிப்பெருக்கன்று, கடைக்காரர்களுக்குக் காட்டி ஆர்டர் எடுக்கிற புது வருஷத்துக் காலண்டர் ஆல்பங்களைச் சாமி முன்னால் அடுக்கிப் பூஜை போட்டு, லைனுக்குப் போகிறவர்கள் கையில் கொடுப்பது நம் கம்பெனி வழக்கம். இந்த வருஷம் எனக்கு அழைப்பு இல்லை, ஆனால் வராதே என்றும் யாரும் சொல்லவில்லை. வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சிவகாசிக்கு பஸ் ஏறிவிட்டேன். சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று கடைசி வரிசையில் நின்றேன். முதல் ஆல்பத்தை எடுத்துக் கொடுப்பது பெரிய முதலாளியின் மனைவி பத்திரகாளி அம்மாள். என்னை நிறுத்தியதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் கூட்டத்தைத் துழாவிப் பார்த்து, சங்கரபாண்டி, என்னய்யா புது மாப்பிள்ளை மாதிரிப் பின்னால போயி நிக்க, மொத ஆல்பத்த ஒங்கையில குடுத்தாத்தான போய்ச் சேந்த அவுகளுக்கு நிம்மதி என்று சத்தமாகக் கூப்பிட்டார். அவர் முன்னால் பேச மகனுக்கும் தைரியமில்லை, மேனேஜர் தரையைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் போய் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பின்னால் கூப்பிட்டு யாரும் கேட்கவும் இல்லை. வீட்டில் உன் அம்மா ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, திருப்பிக் கூப்பிட்டுட்டாகளா என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும், ஆமாம், இந்த சீசனுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மறு வாரம் அந்த ஆல்பத்தோடு சங்கரன்கோவிலில் போய் இறங்கினேன். ஜவுளிக்கடை சபரிநாதன் அண்ணாச்சியை உனக்குத் தெரியும், உன் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் பாயசத்தைக் குறை சொன்னவர். என்னைக் கண்டதும், வாரும்வே, ஆடி முடியப் போவுது, ஆளக் காணும், எதிர்க்கடைக்காரன் மகாலட்சுமியத் தட்டிட்டுப் போயிருவான்னுல்லா பயந்துக்கிட்டு இருந்தேன் என்றார். ஒரு தெருவில் ஒரு கடைக்குக் கொடுத்த சாமி படத்தை அதே தெருவில் இன்னொரு கடைக்குக் கொடுக்கக் கூடாது. இது எங்கள் தொழிலில் எழுதாத கட்டுப்பாடு, அதற்காகத்தான் கடைக்காரர்கள் ஆளுக்கு முந்தி ஆல்பத்தைப் பார்க்க நினைப்பார்கள். அவர் மகாலட்சுமி படத்தின் ஓரத்தில் சந்தனத்தைத் தொட்டு வைத்து, இது எனக்குத்தான்வே என்றார். நான் சரி அண்ணாச்சி என்றேன். அந்த சரியைச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது. அவர் போட்ட நாற்காலி, வரவழைத்த டீ, கல்லாவில் இருந்த மகனைக் கூப்பிட்டு அண்ணாச்சிக்கு வணக்கம் சொல்லுலே என்றது, இதையெல்லாம் விட்டுவிட்டு வர மனதில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு எங்கும் போகாமல் திரும்பிவிட்டேன். அந்த ஆர்டரை எங்கே கொடுப்பது என்று யோசிக்கவும் இல்லை.

போன வியாழக்கிழமை செல்வக்குமார் அந்தத் தெருவுக்குப் போயிருக்கிறான். நான் வாக்குக் கொடுத்தது அவனுக்கு எப்படித் தெரியும். எதிர்க்கடைக்கு மகாலட்சுமியைக் கொடுத்துவிட்டு சபரிநாதன் கடையில் ஏறியிருக்கிறான். அவர் கொதித்துவிட்டார். ஒரே கம்பெனியில ரெண்டு ஆளு, ரெண்டு வாக்கா, சங்கரபாண்டி ஒருநாளும் இப்படிச் செய்யமாட்டான், நீ எங்கனலே படிச்சிட்டு வந்த என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது சத்தம் போட்டிருக்கிறார். அந்த இடத்தில் அவன், அந்த ஆளுக்கு வேலையே இல்ல என்று ஒரே வரியில் தப்பித்திருக்கலாம். அவனோ, சங்கரபாண்டி அண்ணாச்சி சொல்லித்தான் விட்டாக, நாந்தான் மறந்துட்டேன், மன்னிச்சுக்கிடுங்க என்று சொல்லியிருக்கிறான். சபரிநாதன் விடாமல் மேனேஜருக்கும் போன் போட்டுவிட்டார், அவன் பேரைச் சொல்லியே புகார். மேனேஜரிடமும் அவன் என் பேரை எடுக்கவில்லை. புதன்கிழமை அவனை விசாரிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேலைக்கு வந்து இன்னும் நிலைக்காத பையன், மனைவிக்கு இது எட்டாம் மாதம்.

இதையெல்லாம் அவனே நேற்று வீட்டுக்கு வந்து சொன்னான், சண்டை போட இல்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான். எதிர்க்கடைக்கு எந்தப் படத்த மாத்திக் குடுத்தா மனசு கோணாம வாங்கிக்கிடுவாக, ஒங்களுக்குத்தான் தெரியும் அண்ணாச்சி என்றான். சமயபுரத்தாள் படத்தைக் காட்டு என்று சொன்னேன். தொழில் பேச மட்டும் வாய் வந்தது. அவன் போன பிறகு உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். சீசனுக்குக் கூப்பிட்டாகன்னு நீங்க சொன்னது பொய்யின்னாக்கூடப் போகுது, அந்தப் பிள்ள கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போறான், நீங்க அவன் முகத்தக்கூடப் பாக்கலையே என்றாள். வேலை போன அன்றுகூட எனக்கு இப்படித் தலை குனியவில்லை மகளே.

நாளைக் காலை சிவகாசி ஆபீசுக்குப் போய், ஆல்பத்தை மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு, ஆர்டர் எடுத்தது நான்தான் என்று சொல்லப்போகிறேன். முதலாளியம்மாவை இதில் இழுக்கமாட்டேன். அவர் தெரியாமல் கொடுத்தார், நான் தெரிந்தே வாங்கினேன். மேனேஜர் என்ன பேசினாலும் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு செல்வக்குமாரை அழைத்துக்கொண்டு சங்கரன்கோவில் போக வேண்டும், அதுதான் எனக்குக் கஷ்டம். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே, எனக்கு வேலை போய்விட்டது அண்ணாச்சி, அன்றைக்கு உங்களிடம் பொய்யாக நின்றேன், இந்தப் பையன்மேல் ஒரு குற்றமும் இல்லை, இனிமேல் இவன்தான் வருவான் என்று சொல்ல வேண்டும். நேற்று ராத்திரியிலிருந்து மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், பாதிக்கு மேல் போகவில்லை. முழுதாக எழுதி முடித்தது உனக்குத்தான்.

எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. பணம் அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே, மாப்பிள்ளையிடமும் அப்படிச் சொல்லிவிடு. உளுந்துக் கடை ஒன்றில் கணக்குப் பார்க்கக் கேட்டிருக்கிறேன், அமையும் என்று நினைக்கிறேன். குழந்தைக்கு மழைத் தண்ணீரில் விளையாட்டு வேண்டாம், வெந்நீர் கொடு. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளைக்கு என் அன்பு, ஓவியாவுக்கு என் முத்தங்கள். அம்மன் துணையால் நீங்கள் மூவரும் குறைவில்லாமல் வாழ வேண்டும்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. உன் மாமனார் உன்னிடம் விசாரித்தால், அப்பா லீவில் இருக்கிறார், மாற்றலாகிவிட்டது என்று எனக்காக எதையும் சேர்த்துச் சொல்லாதே. அப்பாவுக்கு வேலை போய்விட்டது என்று உள்ளதை உள்ளபடி சொல். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தால் பார்க்கட்டும், நீ தலையைக் குனியாதே. குனிய வேண்டியவன் நான், நாளைக்குப் போய்க் குனிந்துகொள்கிறேன்.

உன் அப்பா
சங்கரபாண்டியன்