எந்தக் கூடாரம் என்று யாரும் கேட்கவில்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, அண்ணன், அண்ணி, குண்டூசி, நான் எல்லோரும் கர்த்தர் கிருபையில் சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பாய் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அதை இனிமேல் நீதான் எழுதிச் சொல்ல வேண்டும், உள்ளதை உள்ளபடி. என்ன அம்மா எடுத்த எடுப்பிலேயே குத்துகிறாளே என்று நினைக்காதே, காரணம் பின்னால் வருகிறது. முப்பது வருஷம் கோர்ட் வாசலில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மனு அடித்துக் கொடுத்தவள் கையால் எழுதுகிறாளே என்றும் பார்க்காதே. மெஷினில் அடித்தால் இதுவும் மனு மாதிரி ஆகிவிடும். கிறுக்கலாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டு படி.

கிறிஸ்துமஸ் நல்லபடியாக நடந்தது. ஆலயத்தில் இந்த வருஷம் உட்கார இடமில்லை, உலகம் இருக்கிற இருப்பில் எல்லோருக்கும் பயம் பிடித்துக்கொண்டது போல, நின்றபடியேதான் ஆராதனை செய்தோம். உன் அண்ணன் பேர்தான் எலக்ட்ரீஷியன், நம் வாசல் நட்சத்திரம் மட்டும் இரண்டு நாளாக எரியவில்லை, ஒயரை மாற்றினான், பல்பை மாற்றினான், கடைசியில் அப்பா போய் சுவிட்சைப் போட்டார், எரிந்தது. அதிலிருந்து அவனை இங்கே யாரும் மதிப்பதில்லை. அண்ணி செய்த கேக் நடுவில் குழி விழுந்துவிட்டது. அவள் பெற்ற குண்டூசி அந்தக் குழி நிறைய ஜாமை ஊற்றி, இது குளம், யாரும் கேலி பண்ணக் கூடாது என்று சொல்லிவிட்டாள். ஏழு வயசுதான், வாய் மட்டும் எழுபது. உடம்பில் இன்னும் சதை பிடிக்கவில்லை, நீ வைத்த பேர் அப்படியே பொருந்துகிறது, எங்கே குத்த வேண்டுமோ அங்கே சரியாகக் குத்துகிறாள்.

காலையிலேயே அண்ணி ஒரு சட்டம் போட்டாள். பத்து நாளாக இந்த வீட்டில் டிவியைத் திறந்தால் நீ இருக்கும் நாட்டுச் சண்டைதான், ஆஸ்பத்திரி என்றும் பாராமல் குண்டு போடுகிறார்கள் என்பதுதான். அதனால் "இன்னிக்கு ஒரு நாளாவது யாரும் நியூஸ் பாக்கக் கூடாது, பேசவும் கூடாது" என்று எல்லோர் போனையும் வாங்கி பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, அலமாரி மேல் வைத்துவிட்டாள். நீதான் துறைமுக நகரத்தில் ஸ்டோரில் மருந்துப் பெட்டி எண்ணிக்கொண்டிருக்கிறாயே, சண்டை நடக்கும் இடத்துக்கும் உனக்கும் எட்டு மணி நேரப் பயணம் என்று எழுதியிருந்தாயே, பிறகென்ன என்று எல்லோரும் தலையாட்டினோம். அப்புறம் நடந்த கூத்தைக் கேள். அப்பா குளிக்கப் போனார். அரை மணி நேரம் உள்ளே தண்ணீர் ஓடியது, வெளியே வந்த மனுஷன் தலையில் ஒரு சொட்டு ஈரமில்லை, துண்டுக்குள் சின்ன ரேடியோவின் ஏரியல் நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் நட்சத்திரத்தைச் சரிபார்க்கிறேன் என்று மொட்டை மாடிக்குப் போனான், பட்டப்பகலில். நான் மட்டும் என்ன யோக்கியம், எதிர்வீட்டு டீச்சருக்குக் கேக் கொடுக்கும் சாக்கில் போய் அவர்கள் டிவி முன்னால் தட்டோடு நின்றேன். திரும்பி வந்து, மாடியில் அவ்வளவு நேரம் என்ன வேலை என்ற சந்தேகத்தில் டின்னைத் திறந்தேன். உள்ளே என் போனும் அப்பா போனும்தான் கிடந்தன, சட்டம் போட்ட மகராசியின் போன்கூட இல்லை. வாயைத் திறக்காமல் மூடிவைத்தேன்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், ஆளுக்கு ஒரு வரி ஜெபம், சின்னவள்தான் முதலில். போன வருஷம் சைக்கிள் கேட்டாள், இந்த வருஷமும் அப்படித்தான் ஏதாவது கேட்பாள் என்று இருந்தோம். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "ஆண்டவரே, அத்தை வேலை பாக்குற கூடாரத்து மேல எதுவும் விழாம பாத்துக்கங்க, ஆமென்" என்றாள். அம்மாடி, அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வேன். எந்தக் கூடாரம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை நான் கவனித்தேன், அப்பா கவனித்தார், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், அவ்வளவுதான், குட்டு உடைந்துவிட்டது. நீ ஸ்டோரில் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்தவருக்குத் தெரிந்தால் தாங்கமாட்டார் என்று ஆளுக்கு ஆள் மூடி மறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

உனக்கு எங்களிடம் பொய் சொல்ல வராது கண்ணு. அப்பா நாற்பது வருஷம் பஸ் ஓட்டியவர், நீ போனில் பேசும்போது பின்னால் கேட்பது டீசல் ஜெனரேட்டர் என்று மூன்று மாதம் முன்பே கண்டுபிடித்துவிட்டார், கரண்டே போகாத ஊர் என்று நீ எழுதியிருந்தது வேறு அவருக்கு ஞாபகம் இருந்தது. அண்ணனும் அண்ணியும் போனில் வந்த ஒரு போட்டோவில் உன்னைப் பார்த்திருக்கிறார்கள், முகத்தில் மாஸ்க் இருந்தாலும் கொண்டையில் பேனாவைச் செருகிக்கொண்டு நிற்பது வேறு யார். எனக்கு உன் கடிதமே சொல்லிவிட்டது. முன்பெல்லாம் வரி நேராக இருக்கும். இப்போது எழுத்து பள்ளத்தில் இறங்குகிறது, காகிதத்தில் பேனா குத்தி ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. மருந்து ஸ்டோரில் ஒரு மேஜைகூடவா இல்லை, இவள் முழங்காலில் வைத்து எழுதுகிறாள் என்று தெரிந்துகொண்டேன். குண்டூசிக்கு மட்டும் எந்தத் துப்பும் தேவைப்படவில்லை. அங்கே வெடிச் சத்தம் கேட்குமா என்று நேராக உன்னையே கேட்டாளாம், நீயும் ஆமாம், நான் கூடாரத்தில் நர்ஸாக இருக்கிறேன் என்று சொன்னாயாம். எங்களுக்குத்தான் நேராகக் கேட்கத் தைரியம் இல்லாமல் போய்விட்டது.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. எல்லோரும் உண்மையைக் கக்கிய பிறகு நானும் கக்க வேண்டியதாகிவிட்டது. எழுந்துபோய்ப் பீரோவிலிருந்து ஒரு கவரைக் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தேன். உன்னைத் திருப்பி அனுப்பச் சொல்லி உன் மேலதிகாரி அம்மாளுக்கு நான் அடித்த மனு. ஸ்டாம்பு ஒட்டியாகிவிட்டது, மறுநாள் தபாலில் சேர்ப்பதாக இருந்தேன். நான் படுத்த படுக்கையாக இருக்கிறேன், பார்த்துக்கொள்ள ஆளில்லை, மகளை விடுவித்து அனுப்பினால் புண்ணியமாகப் போகும் என்று கல்லும் கரையும்படி அடித்திருந்தேன். மனு அடிப்பதில் உன் அம்மாவை அடித்துக்கொள்ள ஆள் ஏது. அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். "படுத்த படுக்கையா? நேத்து நாற்காலி மேல ஏறி ஒட்டடை அடிச்சது யாரு?" என்றார். அண்ணி சிரித்துவிட்டாள், எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அனுப்பாதே என்று சொல்லவில்லை. "அனுப்புறதுன்னா அனுப்பு, ஆனா அவகிட்ட சொல்லிட்டு அனுப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

உன்னிடம் சொல்லலாம் என்றுதான் மறுநாள் காலை காகிதத்தை எடுத்தேன். உட்கார்ந்தால் கோர்ட் வாசல்தான் ஞாபகம் வருகிறது. ஒரு அம்மாள் வருவாள், எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கட்டடம் இருக்கிறது, கட்டில் இருக்கிறது, நர்ஸ் இல்லை, ஒரு நர்ஸ் போடச் சொல்லி எழுதுங்கள் என்பாள். அவளுக்கு மட்டும் நான் நான்கு முறை மனு அடித்தேன். அவள் போல எத்தனை பேர். ஒன்றுக்குக்கூடப் பதில் வந்ததாக யாரும் வந்து சொன்னதில்லை. நீ இருக்கும் இடத்திலும் எவளோ ஒருத்தி அப்படிக் கேட்டிருப்பாள், அவளுக்கும் யாரோ அடித்துக் கொடுத்திருப்பார்கள். அந்த மனுவுக்குப் பதிலாக என் மகள் போய் நிற்கிறாள். வந்த பதிலைத் திருப்பி அனுப்பு என்று நானே மனு அடித்தால் என் தொழிலுக்கு என்ன மரியாதை? எனக்குப் பெருமையாக இருக்கிறது. பயமும் இருக்கிறது, அது போகாது, அதைப் பற்றி நீ கவலைப்படாதே, பயத்தோடு பெருமைப்படவும் என்னால் முடிகிறது. அப்பாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இத்தனை நாள் டிப்போவில் யார் கேட்டாலும் பொண்ணு ஸ்டோரில் இருக்கிறாள் என்று முணுமுணுத்தவர், அன்றைக்கே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய், "எம் பொண்ணு குண்டு விழுற இடத்துல நர்ஸு" என்று வாட்ச்மேன் வரைக்கும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வந்து தனியாக உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார், நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

தனியே ஒரு பார்சல் வருகிறது. அதில் என் பழைய கிளிப் அட்டை இருக்கும், கடிதம் எழுதும்போது காகிதத்துக்கு அடியில் வைத்துக்கொள். சாக்ஸ் ஆறு ஜோடி. வேளைக்குச் சாப்பிடு, மற்றவர்களைப் பார்க்கிறேன் என்று உன் வயிற்றைக் காயப்போடாதே. ஓடு என்றால் ஓடு, வீரம் காட்டாதே. இனி எதை மறைத்தாலும் இங்கே நாலு துப்பறிவாளர்களும் ஒரு குண்டூசியும் இருக்கிறோம் என்று ஞாபகம் வைத்துக்கொள். ஆண்டவர் உன்னையும், உன் கை படுகிற ஒவ்வொருவரையும், அந்தக் கூடாரத்தையும் காப்பாராக.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

கவர் மேல் உன் விலாசம் தனிக் காகிதத்தில் ஒட்டியிருப்பதைப் பார்த்து, அம்மாவுக்கு ஒரு புதுக் கவர் கிடைக்கவில்லையா என்று நினைப்பாய். அடியில் உன் மேலதிகாரி அம்மாளின் விலாசம் இருக்கிறது. உரித்துப் பார்க்க முயற்சி செய்யாதே, வராது. பசையை இரண்டு தடவை தடவி, மேலே அரிசி டப்பாவைத் தூக்கி வைத்து, காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.