ஆசையே இல்லாத மனிதனாம் நீ

என் அருமை மச்சான் குமரேசா,

நம் தீயணைப்பு நிலையத்தில் உனக்கு இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். உயிரோடு இருந்தபோது உன்னை உட்காரக்கூடச் சொல்லாத அதிகாரி மைக்கைப் பிடித்து, “பதவி ஆசையே இல்லாத மனுஷன். வேலையில கிடைச்ச திருப்தியே போதும்னு இருந்தாரு” என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது.

திருப்தி இருந்தது, உண்மைதான். உடையார்பாளையம் பக்கம் கிணற்றில் விழுந்த பெண்ணை, கயிறு கட்டி இறங்கித் தூக்கி வந்தாயே, அன்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாய். “இந்த வேலைய வுட்டா எனக்கு வேற எது மச்சான்?” என்றாய். வேலையை நேசிப்பவனுக்குப் பதவி வேண்டாம் என்று யார் சொன்னது?

அந்தக் கோடையில்தான் இதே அதிகாரி, பெரிய மனிதர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நம் வண்டியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றச் சொன்னார். “முந்திரிக்காடு பத்திக்கிட்டா எத வச்சுங்க சார் அணைக்கிறது?” என்று கேட்டு நீ மறுத்துவிட்டாய். அதற்கு ஒரு மெமோ. விசாரணையை இழுத்தடித்தார்கள். பதவி உயர்வு நின்றது. உன்னிடம் வேலை பழகியவன் உனக்கு மேலே வந்தான். அவனுக்கு சல்யூட் அடித்துவிட்டு, வண்டிக்குப் பின்னால் போய்த் தனியாக நின்றாய். அந்த முகத்தை இந்த அதிகாரி பார்த்தாரா?

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோதும், வேலைக்குச் சேர்ந்த அதே பதவியில்தான் இருந்தாய்.

கூட்டத்தில் நான் எழுந்துவிட்டேன். “ஆசை இருந்துச்சுங்க சார். நீங்கதான் தரல.”

“துரை, உட்காருங்க” என்று அதட்டினார். அப்போது என் தங்கை, உன் மலர் எழுந்தாள். “இந்த வாட்டி பிரமோஷன் வந்துரும்னு டெய்லர்கிட்ட புது யூனிஃபார்முக்கு அளவு குடுத்துட்டு வந்த மனுஷன் சார் அவரு.”

அதிகாரி மைக்கைக் கீழே வைத்தார். அவ்வளவுதான் கூட்டம்.

இப்போது என்னை மன்னிப்பு எழுதித் தரச் சொல்கிறார்கள், இல்லாவிட்டால் என் பதவி உயர்வும் நிற்குமாம். நிற்கட்டும்! எதற்கடா மன்னிப்பு?

நேற்று மலரோடு அரியலூரில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். உனக்கு வர வேண்டியதைக் கேட்டு வழக்குப் போடுகிறோம். திரும்பும்போது மலர் பஸ்ஸில் கேட்டாள்: “ஜெயிச்சா என்னண்ணே கிடைக்கும்? அவரே இல்லையே.”

“அவன் பேருக்கு முன்னாடி அந்தப் பதவி வரும்மா” என்றேன்.

அதை வாங்காமல் நான் ஓயமாட்டேன், மச்சான்.

உன் மலருக்கு அண்ணனாக,
உனக்கு என்றும் மச்சானாக,
துரை