மொட்டைப் பந்தயம்

திருத்தணி
ஆடிக்கிருத்திகை கழிந்த மூன்றாம் நாள், புதன்கிழமை

ஒசாகா மாநகரத்து மல்யுத்த மேடைகளைக் கிடுகிடுக்கவைப்பவளும், கிடுகிடுக்கவைத்த கையோடு எட்டாவது நிமிடத்தில் தோற்றுவிடும்படி கம்பெனியால் பணிக்கப்படுபவளும், என் அண்ணன் துளசிங்கத்துக்கு ஒரே மகளும், அவன் போன பிறகு எனக்கு மகளுமாகிய சுசித்ராவுக்கு உன் சின்ன நைனா தணிகைமணி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் அம்மையார்குப்பத்து வீடும் விசைத்தறியும் அது போடுகிற சத்தமும் சௌக்கியம். அங்கே உன் சௌக்கியத்தையும் உன் வலது முழங்காலின் சௌக்கியத்தையும் தனித்தனியாகத் தெரியப்படுத்தவும். இந்த வருஷத்து ஆடிக்கிருத்திகைக் கூட்டத்தைச் சொன்னால் நீ நம்பமாட்டாய், காவடிகளில் இருந்து உதிர்ந்த மயிலிறகை மட்டும் குவித்தால் பக்கத்தில் இன்னொரு மலை நிற்கும், தாலுகா ஆபீஸ் வாசலில் நான் மனு எழுதும் மேசையை ஜனவெள்ளம் என்னோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்ப் பஸ் நிலையத்தில் வைத்துவிட்டது, நான் என்ன செய்வேன், அங்கேயே உட்கார்ந்து இரண்டு மனு எழுதிவிட்டுத்தான் எழுந்தேன்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் ஞாயிற்றுக்கிழமை உன் போன் வந்தது. அரோகரா சத்தத்தில் பாதி கேட்கவில்லை, ஆனால் நீ அழுதது கேட்டது. செப்டம்பர் பெருவிழாவில் உனக்கும் குமிகோவுக்கும் மொட்டைப் பந்தயம், தோற்பவளுடைய தலையை ஜெயித்தவள் மேடை நடுவிலேயே மழிப்பாள், தோற்கவேண்டியது நீ, சம்மதமா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் கம்பெனிக்குச் சொல்லியாகவேண்டும், இல்லை என்றால் இந்த வருஷத்தோடு ஒப்பந்தம் முடிந்தது என்றாய். நாலு வருஷமா தோத்துகினே இருந்தேன் சின்ன நைனா, இப்ப முடியும் போவணுமா, பேசாம ஊருக்கே வந்துடட்டா, அம்மாகிட்ட மட்டும் சொல்லாத என்றாய். எழுதுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இருபத்தெட்டு வருஷமாக அடுத்தவர் கஷ்டத்தைத் தாளில் எழுதியே பழகியவன், வாயால் சொன்னால் எனக்கு எல்லாமே கேலியாகப் போய்விடும். ஆகையால் கையால் எழுதிப் படம் பிடித்துப் போனில் அனுப்புகிறேன், அசல் தபாலில் வரும், பத்திரப்படுத்தி வை, பின்னாளில் மியூசியத்தில் கேட்பார்கள்.

முதலில் ஒரு ரசிகனாக என் தீர்ப்பு. உன் கம்பெனியில் மொத்தம் இருபத்துமூன்று பெண்கள், அவர்களுக்குச் சாம்பியன் பெல்ட் ஏழு. நம் தாலுகா முழுவதற்குமே ஒரு தாசில்தார்தான் சுசித்ரா! ஏழு சாம்பியன் இருந்தால் சாம்பியன் என்ற சொல்லுக்கு என்ன மரியாதை, தடுக்கி விழுந்தால் ஒரு சாம்பியன் மேல்தான் விழவேண்டியிருக்கிறது. அதிலும் அந்தப் பெரிய பெல்ட் வைத்திருக்கிறாளே, மகாராணி என்று நான் பட்டப்பெயர் வைத்திருப்பவள், பிப்ரவரியில் ஒருமுறை பெல்ட்டுக்காகச் சண்டை போட்டாள், இப்போது ஆகஸ்டு வந்துவிட்டது, இடையில் ஆறு மாதமாகத் தோளில் போட்டுக்கொண்டு வந்து மைக்கில் பேசிவிட்டுப் போகிறாள். காலை ரயிலில் சீட்டின் மேல் துண்டைப் போட்டுவிட்டுப் பிளாட்பாரத்தில் நின்று டீ குடிப்பவனுக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம்? மாதம் ஒருமுறை பெல்ட்டைப் பணயம் வைக்காத சாம்பியனிடமிருந்து அதைப் பிடுங்கி, முதல் ஆட்டத்திலேயே வந்து போகிறாளே பச்சை முகமூடி போட்ட குள்ளப் பெண், அவளிடம் கொடுக்கவேண்டும் என்பது என் கருத்து. கயிற்றின் மேல் ஏறி அவள் பின்பக்கமாகக் குதிக்கும்போது பூமியே ஒரு நிமிஷம் சுற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறது, கம்பெனிக்காரன் மட்டும் பார்க்கமாட்டேன் என்கிறான்.

இதைச் சொன்னால் தியாகேசன் என்னோடு மல்லுக்கு நிற்கிறான். மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைப்பவன், உனக்குத் தெரியும், மத்தியானம் கரண்டியைக் கீழே வைத்ததும் என் மேசைக்கு வந்து என் போனில் ஓசியில் மல்யுத்தம் பார்ப்பவன், அதோடு மகாராணியின் பரம பக்தன். யோவ் மணி, அதுல யாரு ஜெயிப்பான்னு முன்னாடியே எழுதி வச்சிடறானுங்க, அதுக்குப் போயி மனுசன் இவ்ளோ டென்ஷன் ஆவானா என்று கேட்டான். நான் விடுவேனா? சூரசம்ஹாரத்துல யாரு ஜெயிப்பான்னு தெரியாமலாய்யா கடலோரத்துல லட்சம் பேரு நிக்கறான், யாரு ஜெயிக்கறதுன்றது இல்ல, எப்படி ஜெயிக்கறான், எப்படித் தோக்கறான், அதுதான்யா ஆட்டம் என்றேன். அதற்கு அவன், அது திருச்செந்தூரு, நம்ம ஊர்ல ஏது சூரசம்ஹாரம், இங்க அவரு கோவம் தணிஞ்சி உக்காந்துட்டாரு, அன்னிக்கும் பூவுதான் கொட்டறோம் என்று மடக்கினான். அதனாலதான்யா நான் சண்டைக்கு ஜப்பான நம்பிகினு இருக்கறேன் என்றேன். பொங்கல் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பங்குனி மாதத்தில் உன் கம்பெனித் தலைவருக்கு நான் ஒரு மனு அனுப்பினேன். நூற்றுப் பதினான்கு ஆட்டங்களில் எங்கள் பெண் ஜெயித்தது பத்தொன்பது, அதிலும் பதினேழில் ஜோடிக்காரி ஜெயிக்க இவள் கயிற்றுக்கு வெளியே நின்றிருந்தாள், இந்தியப் புலி என்று பெயர் வைத்துப் பூனையைப்போல் நடத்துவது நியாயமா, தாங்கள் கருணை கூர்ந்து ஆவன செய்யும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம் என்று முடித்து, ஜப்பான் பாஷையில் போனையே மொழிபெயர்க்கச் சொல்லி, பதினொரு பேர் கையெழுத்தோடு போட்டேன். அதில் மூன்று பேர் தெருவிளக்குக்கான மனு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டவர்கள். பதில் வரவில்லை. ஆனால் இந்தப் பந்தயம்தான் பதிலோ என்று ஞாயிறு ராத்திரி முழுக்க அந்த மனுவின் நகலைத் திருப்பித் திருப்பிப் படித்தேன்.

விடிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து யோசித்தேன் பார், அங்கேதான் எனக்குப் பரபரப்புப் பிடித்துக்கொண்டது. அட அசடே, உனக்கு வந்திருப்பது என்ன என்று தெரியுமா? பெல்ட் இன்று ஒருத்தியிடம் நாளை ஒருத்தியிடம், அடுத்த வருஷம் யாரிடம் இருந்தது என்று தியாகேசனுக்கே மறந்துவிடும். மொட்டைப் பந்தயம் அப்படியா? பத்து வருஷம் கழித்தும் அன்றைக்கு அரங்கத்தில் இருந்தவன் பேரனிடம் சொல்லுவான். பெருவிழாவில் கடைசிக்கு முந்தின ஆட்டம், மகாராணிக்குக் கொடுப்பதைப்போல முழுசாக இருபத்தைந்து நிமிஷம், நாலு வருஷத்தில் ஒரே ஆட்டத்தில் உனக்குப் பத்து நிமிஷம் கிடைத்ததுண்டா! எதிரில் நிற்பவளும் யார்? குமிகோ. ஒன்பது வருஷமாக அங்கே மாரால் அடி வாங்கி, ஒரே ஒருமுறை ஜோடிப் பெல்ட்டை மூன்று வாரம் வைத்திருந்தவள், உன்னைப்போலவே ஓரங்கட்டப்பட்டவள், அவள் எகிறி இரண்டு காலாலும் உதைக்கும் உதை இருக்கிறதே, அதை வாங்கிக்கொள்ளவே ஒரு யோகம் வேண்டும். ஓரமாக நின்ற இரண்டு பேரை நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். நானே கதை எழுதியிருந்தால்கூட இப்படித்தான் எழுதியிருப்பேன்.

அடுத்தது மொட்டை. அவர்கள் ஊரில் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லையாம், நீ குனிந்து விம்மி விம்மி அழவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களாம். அதில்தான் அவர்கள் ஏமாந்தார்கள். நீ எந்த ஊர்க்காரி என்று அவர்கள் விசாரிக்கவில்லை. இந்த மூன்று நாளில் என் மேசையைத் தாண்டிப் போன பெண் மொட்டைகள் மட்டும் ஐந்நூறு இருக்கும், பட்டுப் பாவாடை கட்டின மொட்டை, கண்ணாடி போட்ட காலேஜ் மொட்டை, சந்தனம் பூசிக்கொண்டு மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டே போன மொட்டை, ஒருத்தியையாவது யாராவது திரும்பிப் பார்த்தார்களா? மீறிப் போனால் வேண்டுதலா என்று கேட்பார்கள், ஆங் என்றால் நகர்ந்துவிடுவார்கள். ஆகவே நீ அழாதே. கடைசி மயிர் விழுந்ததும் எழுந்து நில், ஒரு கிண்ணம் சந்தனத்தை எடுத்துத் தலை முழுக்கப் பூசு, இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்து, அரங்கத்து ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு அரோகரா போடு. குமிகோ ஜெயித்தவள்தான், அதை அவளிடமிருந்து பிடுங்காதே, அவள் கையைத் தூக்கி நீயே காட்டு. ஆனால் வீட்டுக்குப் போகும்போது எல்லோரும் உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டு போவார்கள். சந்தனம் நான் அனுப்புகிறேன்.

இந்த வேகத்தில்தான் திங்கட்கிழமை பஸ் பிடித்து அம்மையார்குப்பம் போய் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லாதே என்றாய், தெரியும். ஆனால் பெற்றவளுக்குத் தெரியாமல் பெண்ணுக்கு மொட்டையடிக்க எனக்குத் தைரியம் இல்லை. வரலட்சுமி அண்ணி தறியை நிறுத்தவில்லை, அந்தச் சத்தத்திலேயே கேட்டாள். நான் சொல்லி முடித்ததும் தறியை நிறுத்தினாள், அப்போதுதான் பயமாக இருந்தது. அது முடியாது நைனா என்றாள். சண்ட போட்டுகினு திரியறா, வுட்டேன். காலு ஒடச்சிகினா, வுட்டேன். அந்த முடிய மட்டும் அங்க குடுக்க முடியாது, அது முருகனுக்குச் சொன்ன முடி என்றாள். உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, இரண்டு வருஷத்துக்கு முன்னால் உனக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்த அன்றைக்கு அவள் தனியாக மலையடிவாரத்துக்கு வந்து, என் பொண்ணு நடந்தா அவ முடிய உனக்குக் குடுக்கறேன் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள். நீ அடுத்த முறை வரும்போது சொல்லலாம் என்று இருந்திருக்கிறாள், நீ வரவேயில்லை. நான் என் மூளையைக் கசக்கி, அண்ணி, மேடையில வுழற முடிய ஒண்ணு வுடாம பொறுக்கி ஒரு பையில போட்டு அனுப்பச் சொல்றேன், மலையில சேத்துடலாம் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே ஒரு மொட்டை விழுந்தது. இதுதான் நிலவரம். வேண்டுதலை மீறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பந்தயத்தை விடு என்று எழுதக் கை வரவில்லை.

இந்த வரியோடு காலையில் பேனாவை மூடியிருந்தேன். இப்போது மத்தியானம் இரண்டு மணி, மறுபடி எழுதுகிறேன். சற்று முன் என் மேசைக்கு எதிரில் ஒரு மொட்டை வந்து நின்றது. மனு எழுத வந்தவள் என்று நினைத்துத் தாளை எடுத்துவிட்டு, என்னம்மா விஷயம் என்று கேட்டேன். ஆங், விஷயம் இருக்குது நைனா என்றது. உன் அம்மா! தலை முழுக்கச் சந்தனம், கையில் பிரசாதப் பை, காலை ஆறு மணி பஸ்ஸுக்கே வந்து படியேறி முடியைக் கொடுத்துவிட்டு இறங்கியிருக்கிறாள். எடுத்த தாளைத் திரும்ப மேசைமேல் வைத்தேன். அவளே சொன்னாள். வேண்டிக்கினவ நான், அவளக் கேட்டா வேண்டிக்கினேன்? அவ எந்த ஊர்ல எந்தக் கட்டில்ல கெடக்கறான்னு தெரியாத பயத்துல, அவ தலைய எடுத்து நான் குடுத்துட்டேன். ரெண்டு நாளா யோசன பண்ணேன், அது தப்பு. வேண்டினவதான குடுக்கணும், குடுத்துட்டேன். இனிமே அது அவ முடி, அவ வச்சிக்கட்டும், இல்ல அந்தப் பொண்ணுகிட்ட தோக்கட்டும் என்றாள்.

பிறகு என் எதிரில் உட்கார்ந்து, அந்தப் பொண்ணக் காட்டு என்றாள். நாலு வருஷமாக, உன் ஆட்டத்தைப் பார்க்க நான் போனை எடுத்தாலே எழுந்து உள்ளே போனவள். போன மாதம் நீயும் குமிகோவும் மோதிய ஒன்பது நிமிஷ ஆட்டத்தைப் போட்டேன். அவள் உதைத்து நீ விழுந்த இடத்தில் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள், ஆனால் கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னாள். தியாகேசன் பொங்கலோடு வந்து நின்றான், மூன்று பேருமாகப் பார்த்தோம். நல்லாத்தான் வுழறா, நெஜமா வுழறா என்றாள் உன் அம்மா. எழுந்துக்கறதும் நல்லாயிருக்குது. அந்தப் பொண்ணுக்கு மழிக்கத் தெரியுமா, முன்னாடி தண்ணி போட்டு நல்லா ஊற வச்சாத்தான் எரியாது, காதுகிட்ட மெதுவாப் போவச் சொல்லு என்றாள்.

சுசித்ரா, மேலே நான் அது செய் இது செய் என்று அளந்ததை எல்லாம் கோடு போட்டு அடிக்கவில்லை, இருக்கட்டும், அது ரசிகன் பேச்சு. ஆனால் வெள்ளிக்கிழமை நீ சொல்லப்போகும் பதில் எனக்காகவும் வேண்டாம், கம்பெனிக்காகவும் வேண்டாம். வேண்டாம் என்று சொன்னால் கிளம்பி வா, நாங்கள் மூன்று பேரும் சென்னைக்கு வந்து விமான நிலையமே அதிரும்படி உன்னை அழைத்துவருவோம். சரி என்று சொன்னால் சந்தனப் பொட்டலம் சனிக்கிழமையே கிளம்பும். எப்படியானாலும் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்க மறக்காதே, வெறும் வயிற்றோடு பயிற்சிக்குப் போகாதே, வெள்ளிக்கிழமை கம்பெனியிடம் பேசுவதற்கு முன்னால் ஒருதரம் உன் அம்மாவைக் கூப்பிடு, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பாள். தணிகை மலையான் உன் கூடவே இருப்பான். எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

இப்போதுதான் அவளை அம்மையார்குப்பம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்தாள், காற்று பட்டதும் தலையை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டாள். பஸ் நகரும்போது என்னைக் கூப்பிட்டு, அவ பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல நைனா, லேசாத்தான் இருக்குது, அத மறக்காம எழுது என்றாள். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் சின்ன நைனா
தணிகைமணி